நார்சிஸு படிக்கத் தொடங்குபவர்களுக்கு: முன்கதையை எப்போது திறப்பது?

ஜப்பானிய விஷுவல் நாவல் ஒன்றையாவது முழுதாகப் படித்துப் பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் 'நார்சிஸு'. காசு வேண்டாம், பெரிய கணினி வேண்டாம், ஒன்றிரண்டு வார இறுதிகள் போதும். ஆனால் அதைத் திறந்த உடனேயே பலருக்கும் ஒரு சந்தேகம் வந்துவிடும். உள்ளே இரண்டு கதைகள் இருக்கின்றன. முதலாவது 2005 இல் வந்தது. 'சைடு செகண்ட்' என்ற இரண்டாவது 2007 இல் வந்தது, ஆனால் முதல் கதைக்குச் சில ஆண்டுகள் முன்பு நடப்பது. அப்படியானால் எதில் தொடங்குவது?

வெளிவந்த வரிசையில் படியுங்கள். முதலில் 2005, அப்புறம் 2007. இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. காரணம் போகப் போகப் புரியும். கதைகளின் முடிவை இங்கே சொல்லப்போவதில்லை. யாருக்கு நோய், யாருக்கு நாட்கள் குறைவு என்பவை தொடக்கத்திலேயே தெரிந்துவிடுபவை. அவற்றை மட்டும் மறைக்கவில்லை.

எதைத் திறக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

விஷுவல் நாவல் என்பது திரையில் படிக்கும் கதை. பின்னணியில் படம் இருக்கும், இசை ஓடும், சில இடங்களில் நடிகர்களின் குரல் கேட்கும். ஒரு வரியைப் படித்ததும் மௌஸைத் தட்டினால் அடுத்த வரி வரும். பல விஷுவல் நாவல்களில் ஆங்காங்கே 'இதைச் செய்யலாமா, அதைச் செய்யலாமா' என்று கேட்டு, நம் பதிலைப் பொறுத்துக் கதை கிளை பிரியும். நார்சிஸுவில் அதுவும் கிடையாது. ஒரே பாதை, ஒரே முடிவு. விளையாட்டுகள் விற்கும் ஸ்டீம் தளத்தில் கிடைப்பதால் விளையாட்டு என்று நினைத்துப் போய் எரிச்சலோடு திரும்புகிறவர்கள் உண்டு. நாவல் என்று நினைத்துப் போனால் அந்த ஏமாற்றம் இல்லை.

எழுதியவர் டொமோ கதாவோகா. நெகோநெகோ சாஃப்ட் என்ற வணிக நிறுவனத்துக்காக எழுதிப் பெயர் பெற்றவர். நார்சிஸுவை அந்த நிறுவனத்துக்கு வெளியே, 'ஸ்டேஜ் நானா' என்ற தன்னுடைய சிறு குழுவின் பெயரில் இலவசமாக வெளியிட்டார். ஜப்பானில் இப்படிச் சொந்த முயற்சியில் வெளியிடும் படைப்புகளை டோஜின் என்பார்கள். டோக்கியோவில் ஆண்டுக்கு இருமுறை, கோடையிலும் குளிர்காலத்திலும் நடக்கும் காமிகெட் சந்தை அவற்றுக்கான பெரிய திருவிழா. விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் கதாவோகா ஒரு சோதனை செய்து பார்த்தார். படங்களைச் சுருக்கி, திரையின் நடுவே ஒரு குறுகிய பட்டையாக வைத்தார். பாத்திரங்களின் முகத்தைக் கூட அதிகம் காட்டவில்லை. மீதியைப் படிப்பவரின் மனத்துக்கு விட்டுவிட்டார். முதல்முறை பார்ப்பவர்கள் ஏதோ கோளாறு, படம் முழுதாக வரவில்லை என்று நினைத்து அமைப்புகளைப் போட்டுக் குடைவார்கள். கோளாறு இல்லை. அது அப்படித்தான்.

எங்கே, எப்படிப் பெறுவது

ஸ்டீமில் ஒரு கணக்குத் தொடங்குங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. தேடல் பெட்டியில் பெயரைத் தட்டினால் முதலும் இரண்டும் சேர்ந்த பதிப்பு வரும். சேகாய் புராஜெக்ட் என்ற நிறுவனம் 2014 இல் ஸ்டீமில் ஏற்றியது அது. இலவசம். இரண்டு கதைகளும் ஒரே பதிவிறக்கத்தில் வந்துவிடும்.

அதே பெயரில் பத்தாம் ஆண்டு நிறைவுத் தொகுப்பு ஒன்றும் இருக்கிறது. 2016 இல் வந்தது. பிற்காலக் கதைகளையும் சேர்த்தது. அதற்குப் பணம் கட்ட வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு இப்போதைக்கு அது தேவையில்லை. பெயரைப் பார்த்து அவசரத்தில் வாங்கிவிடாதீர்கள்.

இப்போதைய ஸ்டீம் ஓடும் விண்டோஸ் கணினி இருந்தால் போதும், வேகம் குறைந்ததானாலும் சரி. 2005 இல் சாதாரண வீட்டுக் கணினிகளில் ஓடியது இது. கிராஃபிக்ஸ் கார்டு என்ற பேச்சே இல்லை.

படிக்க வேண்டியது ஆங்கிலத்தில். பள்ளி இறுதி வரை படித்த ஆங்கிலம் தாராளமாகப் போதும். வாக்கியங்கள் சின்னவை. மருத்துவச் சொற்கள் மிகக் குறைவு. ஆங்கில நாவல்களுக்குப் பயந்து ஒதுங்கும் வாசகர்கள்கூட இதில் தடுமாறாமல் போவார்கள், ஏனென்றால் ஒரு நேரத்தில் கண்முன் இருப்பது ஒன்றிரண்டு வரிதான். முதல் கதைக்குச் சுமார் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். முன்கதைக்குக் கிட்டத்தட்ட அதன் இருமடங்கு.

முதல் வரிக்கு முன் செய்ய வேண்டியவை

முதல் கதையைக் குரலோடும் படிக்கலாம், குரல் இல்லாமலும் படிக்கலாம். ஆங்கிலத்தில் முதலில் வெளிவந்தபோது இந்த இரண்டு வடிவங்களுக்கும் இருவேறு பேர் தனித்தனியே மொழிபெயர்த்தார்கள் என்பது ஒரு சுவையான செய்தி. செட்சுமி என்ற நாயகிக்குக் குரல் கொடுத்தவர் யூகோ கோட்டோ. ஹாருஹி சுசுமியா அனிமேயில் மிகுருவாகப் பேசியவர் என்றால் அனிமே பார்ப்பவர்களுக்கு உடனே தெரியும். அங்கே கீச்சுக்குரலில் பதறும் அதே ஆள் இங்கே ஒன்றுமே வேண்டாம் என்பதுபோல் பேசுவதைக் கேட்க வேண்டும்.

என் யோசனை: முதல்முறை குரலோடு படியுங்கள். ஜப்பானிய மொழி புரியாவிட்டாலும் செட்சுமி ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறாள் என்பது காதில் விழும். எழுத்தில் அது தெரியாது. குரல் முடியும்வரை அடுத்த வரிக்குத் தட்டாமல் பொறுத்திருங்கள். வேகமாகப் படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதுதான் சிரமம்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். வலது பொத்தானை அழுத்தினால் பட்டியல் திறக்கும், சேமிப்பது அங்கேதான். மௌஸ் சக்கரத்தை மேலே உருட்டினால் ஏற்கனவே படித்த வரிகளைத் திரும்பப் பார்க்கலாம். கைதவறித் தட்டிவிட்டால் இதுதான் கைகொடுக்கும். கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்தால் வரிகள் ஓட ஆரம்பிக்கும், அந்தப் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள். தானாக நகரும் முறையையும் தவிர்த்துவிடுங்கள். மனிதர்கள் பேசாமல் இருக்கும் இடங்கள் இந்தக் கதையில் நிறைய. அங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள். தனியாகப் படியுங்கள். பேருந்துப் பயணத்தில் படிக்கிற சமாச்சாரம் இல்லை இது.

கனம் பற்றி ஒரு வார்த்தை

இரண்டு கதைகளிலும் இளம் வயதில் தீராத நோய்க்கு ஆளானவர்கள் வருகிறார்கள். தன் உயிரைத் தானே முடித்துக்கொள்ளும் எண்ணமும் கதையில் ஒளிவுமறைவின்றி வருகிறது. சமீபத்தில் வீட்டில் யாரையாவது நோய்க்குப் பறிகொடுத்தவர்கள், அல்லது மனம் சரியில்லாத ஒரு காலத்தைக் கடந்துகொண்டிருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடலாம். கதை எங்கும் ஓடிவிடாது. படிக்கும்போது தாங்கமுடியாமல் போனால் பாதியில் மூடிவிடுங்கள், நெருங்கிய யாரிடமாவது பேசுங்கள். இந்தியாவில் டெலி மனாஸ் உதவி எண் 14416, இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926.

முதல் கதை: காரில் ஏறிக்கொள்ளுங்கள்

கதை சொல்பவன் ஓர் இளைஞன். இருபது வயதாகி, ஓட்டுநர் உரிமமும் கையில் வந்த கையோடு நோயில் விழுகிறான். அப்போது ஜப்பானில் சட்டப்படி வயது வந்தவராகக் கருதப்படும் வயது இருபது. 2022 ஏப்ரலில்தான் அதைப் பதினெட்டாகக் குறைத்தார்கள். பெரியவனாகிவிட்டாய் என்று நாடே சொல்லும் நேரத்தில் மருத்துவமனையின் ஏழாவது மாடிக்கு அனுப்பப்படுகிறான். அங்கே போகிறவர்களின் கையில் வெள்ளைப் பட்டை ஒன்றைக் கட்டுகிறார்கள். அங்கேயே இறப்பது, அல்லது வீட்டுக்குப் போய் இறப்பது, இந்த இரண்டில் ஒன்றுதான் வழி.

இதன் பின்னணி தெரிந்தால் படிக்கும்போது உதவும். ஜப்பானில் நோய் தீராது என்று தெரிந்தபின் வலியைக் குறைப்பதற்கென்றே தனிப் பிரிவுகள் வைப்பது ஒப்பீட்டளவில் புதிய பழக்கம். ஹமாமட்சு நகரின் செய்ரெய் மிகாதஹாரா மருத்துவமனையில் 1981 இல் அந்நாட்டின் முதல் ஹாஸ்பைஸ் தொடங்கியது. 1990 இல்தான் பொது மருத்துவக் காப்பீடு இந்தப் பிரிவுகளுக்கென்று கட்டணம் வகுத்தது. புற்றுநோய் என்றால் நோயாளியிடம் சொல்லாமல் குடும்பத்தாரிடம் மட்டும் சொல்வதும் அங்கே நெடுநாள் வழக்கம். நம் ஊரிலும் அது புதிதில்லை என்பதால் இந்தக் கதையில் வரும் பெற்றோரின் தடுமாற்றம் நமக்கு விளங்கிவிடும்.

ஏழாவது மாடியில் நோயாளிகளுக்குள் சில விதிகள் உண்டு. மருத்துவமனை போட்டவை இல்லை. முன்னால் இருந்தவர் பின்னால் வருபவருக்கு வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போகிறவை. இளைஞனுக்கு அவற்றைச் சொல்கிறவள் செட்சுமி. இருபத்திரண்டு வயது, ஆனால் பார்த்தால் அவ்வளவு இருக்காது. அதிகம் பேசமாட்டாள். எங்கே சாக விரும்புகிறாய் என்ற பேச்சு வரும்போது, ஏழாவது மாடியும் வேண்டாம், வீடும் வேண்டாம் என்கிறாள். அவன் தன் அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு அவளோடு கிளம்பிவிடுகிறான்.

அவர்கள் போய்ச் சேர நினைக்கும் இடம் அவாஜித் தீவு. படிக்கும்போது பக்கத்தில் ஒரு வரைபடத்தைத் திறந்து வையுங்கள். இது நான் ஏதோ சுவாரசியத்துக்காகச் சொல்வதில்லை. கதையின் பெரும்பகுதி சாலைதான். செட்சுமி எந்த ஊருக்கும் போனதில்லை, ஆனால் வரைபடங்களும் கார்களும் அவளுக்கு மனப்பாடம். அவள் சொல்லும் சாலையை நீங்களும் விரலால் தொடர்ந்தால் அந்தக் காரின் பின்இருக்கையில் உங்களுக்கும் இடம் கிடைக்கும். டோக்கியோவிலிருந்து அளந்தாலே தீவின் தென்கரைக்குச் சுமார் 600 கிலோமீட்டர். கோபேயிலிருந்து தீவுக்குப் போக 1998 இல் திறக்கப்பட்ட ஆகாஷி கைக்யோ தொங்குபாலம் இருக்கிறது. அதன் நீளம் 3,911 மீட்டர். இரண்டு கோபுரங்களுக்கு இடைப்பட்ட தூரம் மட்டும் 1,991 மீட்டர்.

தீவின் தெற்கே, கடலை நோக்கிச் சரியும் மலைச்சரிவில் நாதகுரோய்வா என்ற இடம் உள்ளது. யுசுருஹா மலையின் அடிவாரம். ஏழு ஹெக்டேர் அளவில், சுமார் 50 லட்சம் நார்சிஸஸ் செடிகள். வெள்ளை இதழ்கள், நடுவே மஞ்சள் கிண்ணம். கரை ஒதுங்கிய கிழங்குகளை மீனவர்கள் எடுத்து நட்டதில் தொடங்கியது என்று ஊர்க்கதை. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதிவரை பூக்கும். கதை குளிர்காலத்தில் நடப்பதற்கு இதுதான் காரணம். படங்களைத் தேடிப் பார்க்க ஆசை வரும். கதையை முடித்தபின் பாருங்கள். எழுத்தாளர் வேண்டுமென்றே காட்டாமல் விட்டதை இணையம் முந்திக்கொண்டு காட்டிவிடக் கூடாது.

படிக்கும்போது ஒரு துண்டுத்தாள் பக்கத்தில் இருக்கட்டும். செட்சுமியைப் பற்றி 'இவள் ஏன் இப்படி?' என்று தோன்றும் இடங்களை மட்டும் குறித்துவையுங்கள். அம்மாவைப் பற்றிய பேச்சு வந்தால் ஏன் திசை மாற்றுகிறாள்? கார்கள் மேல் எதற்கு இந்தப் பித்து? இந்த விதிகளை இவளுக்கு யார் சொன்னது? அன்பாக யாராவது ஒன்று செய்தால் ஏன் உடனே முகம் இறுகுகிறது? முதல் கதை இவற்றுக்கெல்லாம் பதில் சொல்லாது. சொல்லாததுதான் அதன் அழகும். கதை சொல்பவனுக்கு அவளைத் தெரிந்தது சில நாட்கள்தான். அவனுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது.

இரண்டுக்கும் நடுவே

முதல் கதை முடிந்த இரவே முன்கதையைத் திறக்காதீர்கள். திறக்கத்தான் தோன்றும். செட்சுமியை மறுபடி பார்க்க வேண்டும் என்ற தவிப்பு இருக்கும். ஆனால் முன்கதையின் தொடக்கம் கலகலப்பானது. வெயில், அரட்டை, கிண்டல். அழுத கண்ணோடு அதற்குள் போனால், இது என்ன விளையாட்டுத்தனம் என்று எரிச்சல்தான் வரும். சில நாட்கள் போகட்டும். அதற்காக மாதக்கணக்கிலும் விட்டுவிடாதீர்கள். செட்சுமி சொன்ன வரிகள் சில உங்களுக்கு அப்படியே நினைவில் இருக்க வேண்டும். முன்கதை அந்த நினைவின் மேல்தான் வேலை செய்கிறது.

இந்த இடைவெளியில் விக்கிப் பக்கங்கள், ஸ்டீம் விமர்சனங்கள், யூடியூப் பாடல் காணொளிகளின் கீழே உள்ள கருத்துகள், எதையும் பார்க்காதீர்கள். பாட்டுக் கேட்கப் போன இடத்தில் முன்கதையின் முடிவை யாராவது முதல் வரியிலேயே எழுதி வைத்திருப்பார்கள்.

முன்கதை: என்ன எதிர்பார்க்கலாம்

'சைடு செகண்ட்' கோடையில் நடக்கிறது. செட்சுமி இன்னும் ஏழாவது மாடிக்கு வரவில்லை. பள்ளி வயதுப் பெண், மருத்துவமனைக்கு வந்து போய்க்கொண்டிருக்கிறாள். அங்கே அவள் சந்திப்பது ஹிமெகோ. வயதில் மூத்தவள், வாயாடி, வண்டி ஓட்டுபவள், பார்த்தால் நோயாளி என்றே சொல்லமுடியாது. ஆனால் அவள் கையில் அந்த வெள்ளைப் பட்டை இருக்கிறது.

நோயாளியாவதற்கு முன் ஹிமெகோ அதே மருத்துவமனையில் தன்னார்வலராக இருந்தவள். சாகப்போகிறவர்களின் அருகே உட்கார்ந்து பேசியவள், அவர்களுக்கு ஆறுதல் சொன்னவள், இப்போது அந்தக் கட்டிலில் தானே படுக்க வேண்டியிருக்கிறது. முன்பு பிறருக்குச் சொன்ன சொற்களை இப்போது தனக்கே சொல்லிப் பார்க்கிறாள், ஒட்டவில்லை. முன்கதையின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆறுதல் சொல்லும் பக்கத்தில் மட்டுமே நின்று பழகியவர்கள் இதைப் படித்தால் கொஞ்சம் நெளிவார்கள்.

ஹிமெகோவின் தங்கை சிஹிரோ, ஆழ்ந்த கத்தோலிக்க நம்பிக்கை உள்ளவள். ஜப்பானில் கிறிஸ்தவர்கள் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர் அளவுதான், எனவே அங்கே இது வழக்கமான குடும்பம் இல்லை. அக்கா பிழைக்க வேண்டும் என்று தங்கை வேண்டிக்கொண்டே இருக்கிறாள். அக்காவுக்கோ அந்த வேண்டுதலைக் கேட்கவே முடியவில்லை. இருவருக்கும் இடையே நடப்பதைப் படிக்கும்போது யார் பக்கமும் சாய்ந்துவிடாமல் இருக்கப் பாருங்கள். கதாவோகா இருவருக்கும் நியாயமாகவே நடந்துகொண்டிருக்கிறார். சாவதற்குமுன் செய்ய வேண்டிய பத்து விஷயங்கள் என்று ஒரு பட்டியலும் வருகிறது. கேட்டால் சினிமாத்தனமாக இருக்கும், ஆனால் அந்தப் பட்டியல் போகும் திசை அவ்வளவு எளிதாக ஊகிக்கக்கூடியது இல்லை.

சரி, வரிசை பற்றி நான் ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தேன்? முன்கதையை முதலில் படித்தால், அது மூத்த பெண் ஒருத்திக்கும் இளைய பெண் ஒருத்திக்கும் இடையிலான ஒரு கோடைக்கால நட்பின் கதை. நல்ல கதைதான், கண்ணீரும் வரும். ஆனால் இரண்டாவதாகப் படித்தால், ஹிமெகோ சொல்லும் ஒவ்வொரு வேடிக்கைப் பேச்சுக்கும் பக்கத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சிறுமியைத்தான் நீங்கள் கவனிப்பீர்கள். அவள் இதையெல்லாம் எங்கே கொண்டுபோகப் போகிறாள் என்பது உங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. முதல் கதையில் ஒரே வரியில் வறண்டுபோய்ச் சொல்லப்பட்ட விதி ஒன்று, இங்கே ஒருவர் வாயிலிருந்து சிரிப்போடு வரும். அப்போது துண்டுத்தாளை எடுத்துப் பாருங்கள். குறித்துவைத்த கேள்விகளில் பாதிக்காவது பதில் வந்துகொண்டிருக்கும், அதுவும் 'இதோ பதில்' என்று அறிவிக்காமல். கார் எப்போது வருகிறது, பக்கத்து இருக்கையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை விட்டுவிடாதீர்கள்.

தலைகீழ் வரிசையில் படித்தவர்களுக்கு முதல் கதையின் செட்சுமி ஒரு புதிராகவே இருக்கமாட்டாள். அவள் வாய் திறக்காமல் இருக்கும் இடங்களில் எல்லாம் காரணம் முன்பே கையில் இருக்கும். அந்த மௌனத்தோடு ஒரு பயணம் முழுக்க உட்கார்ந்திருந்து, அப்புறம் காரணத்தை அறிவதற்கு அது ஈடாகாது.

முன்கதையில் குறைகளே இல்லை என்று சொல்லமாட்டேன். முதல் ஒரு மணி நேரம் இழுக்கிறது. பாத்திரங்கள் தங்கள் மனத்தில் இருப்பதைத் தாங்களே விளக்கும் பேச்சுகள் சில இடங்களில் நீளம். முதல் கதையில் படிப்பவரை நம்பி விட்டுவிட்ட வேலையை இங்கே இசை சிலசமயம் கையில் எடுத்துக்கொள்கிறது, அழு அழு என்று பின்னாலிருந்து தள்ளுகிறது. படங்களும் முதல் கதையைவிடக் கூடுதல். நான் முதல் கதையின் வறட்சிக்கே ஓட்டுப் போடுவேன். ஆனால் செட்சுமி யார் என்று கேட்டால் என் பதிலில் பாதிக்குமேல் முன்கதையிலிருந்துதான் வரும். பலர் முன்கதையே மேல் என்பார்கள். அவர்களோடு சண்டைக்குப் போகமாட்டேன்.

ஒரு நடைமுறை யோசனை: முன்கதையை மூன்று நான்கு அமர்வுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதியை மட்டும் நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் படிக்க வசதியான நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை தேர்வோ அலுவலகத்தில் முக்கிய வேலையோ இருந்தால் அன்றிரவு வேண்டாம்.

திரும்ப முதல் கதைக்கு

பெரும்பாலானோர் விட்டுவிடும் படி இது. முன்கதையை முடித்தபின் முதல் கதையின் தொடக்க அரைமணி நேரத்தை மட்டும் மறுபடி படியுங்கள். இந்த முறை குரல் இல்லாத வடிவத்தில். செட்சுமி இளைஞனிடம் ஏழாவது மாடியின் விதிகளைச் சொல்லும் காட்சி எழுத்துக்கு எழுத்து அதேதான். ஆனால் முதல்முறை அவள் பேச்சு வெறும் அலட்சியமாகக் கேட்டிருக்கும். இப்போது அதே வரிகளில் இன்னொருத்தியின் பேச்சுநடை ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். முதல் கதை எழுதி இரண்டு ஆண்டு கழித்து வந்த முன்கதை, பழைய வரிகளைத் தொடாமலே அவற்றின் பொருளைக் கூட்டியிருக்கிறது. முன்கதை எழுதக் கிளம்பும் பலர் செய்வது இதற்கு நேர்மாறு. பாத்திரத்தின் தழும்பு, தொப்பி, பட்டப்பெயர் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு காட்சி வைத்து, எல்லாம் எங்கிருந்து வந்தது என்று கணக்கு ஒப்படைப்பார்கள்.

நேரம் இருந்தால் முழுக் கதையையும் மறுபடி படிக்கலாம். கட்டாயமில்லை.

அடுத்து எங்கே போவது

நார்சிஸு வரிசையில் இந்த இரண்டுக்குப் பின்னும் கதைகள் வந்தன. அந்தக் கட்டணத் தொகுப்பு இப்போது பயன்படும். ஆனால் செட்சுமிக்காக மட்டும் போகிறீர்கள் என்றால் இந்த இரண்டோடு நிறுத்திக்கொண்டாலும் நஷ்டமில்லை.

முன்கதை என்ற வடிவமே பிடித்துப்போய், இதைவிடப் பெரியதாக ஒன்று வேண்டும் என்பவர்களுக்கு 'த ஹவுஸ் இன் ஃபாட்டா மோர்கானா' இருக்கிறது. நோவெக்டக்கிள் என்ற சிறு குழுவின் படைப்பு. ஜப்பானில் 2012 கடைசியில் வந்தது, ஆங்கிலத்தில் 2016 இல். ஒரு பழைய மாளிகையின் கதவுகளைத் திறந்து, வெவ்வேறு நூற்றாண்டுகளில் அங்கே நடந்த துயரங்களைப் பார்த்துக்கொண்டே போகிற கதை. இதற்கும் 'எ ரெக்வியம் ஃபார் இன்னசென்ஸ்' என்று ஒரு முன்கதை உண்டு. 2018 இல் ஆங்கிலத்தில் வந்தது. மூலக்கதையில் நாம் வெறுத்த ஒருவனின் பக்கம் நின்று அது பேசுகிறது.

இதில் வரிசையை மாற்றினால் நார்சிஸுவைவிடப் பெரிய சேதம். நார்சிஸுவில் போவது ஒரு பெண்ணின் புதிர் மட்டும். இங்கே மூலக்கதை மணிக்கணக்கில் கட்டிவைக்கும் ரகசியத்தை முன்கதை தொடக்கத்திலேயே தெரிந்ததாக வைத்துக்கொண்டு பேசும். 2021 இல் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவிக்கு வந்த பதிப்பில் இரண்டும் ஒரே பெட்டியில் வருவதால் கை நீளும். நீட்டாதீர்கள். மூலக்கதையே பல நாள் வேலை, முதல் சில கதவுகள் மெதுவாகத்தான் திறக்கும், அதைத் தாண்டிவிட்டால் பிடித்துக்கொள்ளும். கொடுமையும் பாலியல் வன்முறையும் இதில் வெளிப்படையாக உண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கமாட்டேன். விலை கொடுத்து வாங்க வேண்டியது என்பதால் ஸ்டீமின் கோடைக்கால, குளிர்காலத் தள்ளுபடிகள் வரும்வரை காத்திருந்து, முதலில் மூலக்கதையை மட்டும் வாங்குங்கள். அது உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்துவிட்டு முன்கதைக்குப் பணம் கட்டலாம்.